செங்கல்லுக்கு ஆடு

ஜேர்மனியின் எசன் நகரில் 1983இல் தொடங்கிய பலகை விளையாட்டுக் கண்காட்சியில், புதுப் பெட்டியைத் திறந்து ஒருவர் விதிகளைச் சொல்ல, மற்றவர்கள் பொறுமையாகக் கேட்பார்களாம். கல்முனைக் கெரம் பலகையடியில் இது சரிவராது. இங்கே பலகைக்காரர் சொல்வதுதான் விதி. அதுவும் அவர் வெல்கிறாரா தோற்கிறாரா என்பதைப் பொறுத்தது.

1995இல் வந்த 'கட்டான்' என்ற பலகை விளையாட்டு இங்கே வந்தால் இன்னும் வேடிக்கை. ஆட்டைக் கொடுத்துச் செங்கல் வாங்கி, வீதி போட்டு, குடியிருப்புக் கட்ட வேண்டும். நம்ம பஸார் காக்கா என்ன சொல்வார்? "செங்கல்ல இப்ப தாங்க தம்பி, ஆட்ட வெள்ளாமை வெட்டினாப் பிறகு தாறன்." ஆட்டத்தில் கடன் கிடையாது. யாவாரம் தெரிந்தவர் செய்த ஆட்டமா இது? போதாக்குறைக்கு, குடியிருப்பைக் கட்டியபின் யாரிடமும் காணி உறுதி கேட்கிறார்களில்லை!