போற வழிதான்

திருவல்லிக்கேணி மாட வீதிகளில் இந்த மாமாவைப் பெயர் சொல்லித் தேட வேண்டியதில்லை. நூற்றெட்டுத் திவ்யதேசப் பட்டியல் ஒட்டிய நோட்டு, சேவித்தாகிவிட்ட தலங்களுக்குச் சிவப்பு மையில் டிக், சட்டைப் பையில் டிராவல்ஸ் ரசீது. இவ்வளவு அடையாளம் போதும். மே மாதம் பள்ளிக்கூடம் மூடியதும் மாமி, மாமியின் அக்கா, மகன், மருமகள், பேரன், பேத்தி எல்லாரையும் ஒரு வாடகை இன்னோவாவில் ஏற்றிக்கொண்டு தெற்கே கிளம்புவார். ஸ்ரீவைகுண்டத்தில் தொடங்கி ஆழ்வார்திருநகரியில் முடியும் நவதிருப்பதி, பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர், கடைசி இரவு ஸ்ரீரங்கம். அதுவரை ஆள் சாதுதான். கடைசி நாள் விடிந்தால்தான் சுயரூபம் தெரியும்.

ஸ்ரீரங்கத்திலிருந்து சென்னை ஏறத்தாழ 330 கிலோமீட்டர். நின்று நிதானமாக வந்தாலும் ஏழு மணி நேரம். “விடிகாலையிலே கிளம்பினா மத்தியானச் சாப்பாடு ஆத்துலதான்” என்பாள் மாமி. மாமா பலமாகத் தலையாட்டுவார். தலையாட்டிக்கொண்டே முன் சீட்டில் உட்கார்ந்து, டிரைவர் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்திச் சொல்வார்: “தம்பி, துறையூர் ரோடைப் பிடிங்கோ. திருவெள்ளறை. போற வழிதான்.”

திருவெள்ளறை போகிற வழியில் இல்லை. திருச்சியிலிருந்து 20 கிலோமீட்டர், சாலையே வேறு. ஆனால் நோட்டில் டிக் விழாத எந்த ஊரும் மாமாவுக்குப் போகிற வழிதான்.

இந்த வியாதி பரம்பரையாக வந்ததல்ல. அவருடைய அப்பா எழும்பூரில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினார், திருநெல்வேலியில் இறங்கினார், வந்த மாதிரியே திரும்பினார். விழுப்புரம் ஜங்ஷனில் கார்டைக் கூப்பிட்டு, “திருக்கோவிலூர் பக்கம்தானே, ஒரு எட்டுப் போயிட்டு வந்துடலாமா?” என்று கேட்க அவருக்கு வழியில்லை. நெடுஞ்சாலை நாலு வழியாகி, 2005-ல் இன்னோவாவும் வந்து சேர்ந்த பிறகுதான் மகன் கெட்டுப்போனார்.

போதாக்குறைக்கு வாடகைக் கணக்கு வேறு. வெளியூர் டிரிப்புக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது இத்தனை கிலோமீட்டர் என்று டிராவல்ஸ்காரர்கள் வைத்திருக்கிறார்கள். பொதுவாக 250. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதற்குக் காசு உண்டு. நவதிருப்பதிக் கோயில்களோ தாமிரபரணிக் கரையில் அக்கம்பக்கத்திலேயே இருப்பவை. ஒன்பதையும் சேவித்து முடித்த அன்று மீட்டர் 250-ஐத் தொடவேயில்லை. ஓடாத அந்தக் கிலோமீட்டர்கள் அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டிருக்கின்றன. கடைசி நாளில் அவற்றை வசூல் பண்ணியாக வேண்டும்.

“அப்பா, இன்னிக்குத்தான் 330 ஓடறதே. இதுக்கு மேலே போனா எக்ஸ்ட்ரா குடுக்கணும்” என்கிறான் மகன்.

“மொத்தக் கணக்குலே எல்லாம் அடிபட்டுப் போயிடும்டா.”

எது எதில் அடிபடும் என்று அவன் கேட்பதில்லை. அவனுக்கும் நாற்பது வயதாகிறது.

உளுந்தூர்ப்பேட்டையில் வண்டி நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பும். நடு நாட்டுத் திவ்யதேசங்கள் இரண்டே இரண்டு. கடலூர்ப் பக்கத்துத் திருவஹீந்திரபுரத்துக்கு டிக் ஆகிவிட்டது. திருக்கோவிலூர் மட்டும் சிவப்பு மைக்காகக் காத்திருக்கிறது. திருவெள்ளறையில் ஸ்வஸ்திகக் கிணற்றைப் பேரனுக்கு விளக்கியதில் போன நேரம், டிபனில் போன நேரம் எல்லாம் சேர்ந்து திருக்கோவிலூர் போய்ச் சேரும்போது பன்னிரண்டரை. நடை சாத்தியாகிவிட்டது. இனி நாலு மணிக்குத்தான். நமது கோயில்கள் மத்தியானத்தில் மூடும் என்பது மாமாவுக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு ஊரிலும் பூட்டிய கதவைப் பார்த்து, “அடடா, சாத்திட்டாளே!” என்று புதிதாக வியக்கும் சக்தி அவருக்கு இருக்கிறது.

காரில் காத்திருக்கும் நேரத்தில் ஸ்தல புராணம் நடக்கும். மழை இரவு. ஒடுக்கமான ஓர் இடைகழி. பொய்கையாழ்வார் படுத்திருக்கிறார். பூதத்தாழ்வார் வந்ததும் இருவரும் உட்காருகிறார்கள். பேயாழ்வார் வந்ததும் மூவரும் நிற்கிறார்கள். அப்போது நாலாவதாக ஒருவர் வந்து நெருக்குகிறார். அது பெருமாள். “பொய்கையாழ்வாருக்குக் காஞ்சீபுரம், பூதத்தாழ்வாருக்கு மகாபலிபுரம், பேயாழ்வாருக்கு நம்ம மயிலாப்பூர். எல்லாரும் அங்கேர்ந்து நடந்தே வந்திருக்கா. உங்களுக்கு ஏசி கார்!”

பின் சீட்டிலிருந்து பதில் வராது. அங்கே பேரன், பேத்தி, மாமியின் அக்கா என்று மூன்று பேர். நாலாவதாக நெருக்குவது உளுந்தூர்ப்பேட்டையில் வாங்கிய பண்ருட்டிப் பலாப்பழம். டிக்கியில் இடம் ஏது? அங்கே புவிசார் குறியீடு வாங்கிய பண்டங்கள் மாநாடு நடத்துகின்றன. 2019-ல் வாங்கிய ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, 2020-ல் வாங்கிய கோவில்பட்டிக் கடலைமிட்டாய், 2023-ல் வாங்கிய மணப்பாறை முறுக்கு. இவற்றுக்கு மேலே எந்தக் குறியீடும் இல்லாமலே தன் இருப்பை உணர்த்தும் அழுக்குத் துணி மூட்டை.

இது ஐயங்கார் மாமாக்களின் தனிச் சொத்து என்று நினைத்துவிடக் கூடாது. வாலாஜா மசூதிப் பக்கத்திலிருந்து நாகூர் தர்காவுக்குப் போய்விட்டுத் திரும்பும் குடும்பத்திலும் ஒரு பெரியவர் இருப்பார். பிச்சாவரத்தில் படகு விடுவது அவருக்கு நினைவு வருவதும் கடைசி நாளன்றுதான்.

நாலு மணிக்கு நடை திறந்ததும் உலகளந்த பெருமாள் தூக்கிய திருவடியோடு தரிசனம் தருகிறார். டிக். மூன்றே அடியில் கணக்கை முடித்தவர் அவர். மாமா விழுப்புரம் வந்து நெடுஞ்சாலையைத் தொடும்போதே இருட்டிவிடுகிறது. சுங்கச்சாவடிகளில் அவருக்கு இப்போது வேலையில்லை. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமாவதற்கு முன்னால் ஒவ்வொரு சாவடியிலும் சில்லறைக்காக ஒரு வாக்குவாதம், ரசீதை மடித்து வைக்க ஒரு கவர் என்று இருந்தார். இப்போது தடுப்புக் கட்டை தானாக உயர்வதைப் பறிகொடுத்தவர் போலப் பார்க்கிறார்.

மதுராந்தகம் வருகிறது. ஏரி காத்த ராமர் கோயில் இருக்கும் ஊர். வெள்ளத்தில் கரை உடையாமல் ராமரும் லட்சுமணரும் வில்லேந்திக் காவல் நின்றதை லயனல் பிளேஸ் என்ற வெள்ளைக்காரக் கலெக்டரே கண்ணால் பார்த்தார் என்பது ஐதீகம். நடை திறந்திருக்கும் நேரம். நாள் முழுக்க வந்ததில் மெய்யாகவே போகிற வழியில் இருக்கும் ஒரே கோயில் இதுதான்.

“நிறுத்தட்டுமா சார்?” என்கிறார் டிரைவர்.

“வேண்டாம் தம்பி. அது நூத்தெட்டுலே வராது.” ஜன்னல் வழியாக ஒரு கும்பிடு.

பரனூர் தாண்டினால் லீவு முடிந்து திரும்பும் தென்மாவட்டம் மொத்தமும் முன்னால் நிற்கிறது. ஊரப்பாக்கத்தில் டிரைவர் தயங்கித் தயங்கி, “எங்க வீடு இங்கதான் சார், உள்ளே ரெண்டு தெரு. சார்ஜரை மட்டும் எடுத்துட்டு வந்துடறேன். போற வழிதானே?” என்கிறார். மாமா கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். “லேட்டாயிடும் தம்பி. நேரே போங்கோ.”

அவசரத்துக்குக் காரணம் உண்டு. ராத்திரி பன்னிரண்டு தாண்டினால் இன்னொரு நாள் வாடகை, இன்னொரு பேட்டா. பெருங்களத்தூரில் மணி பத்து. கத்திப்பாராவில் பதினொன்றே கால். மாமா ஆக்ஸிலேட்டரே இல்லாத இடத்தில் வலது காலை அழுத்திக்கொண்டு வருகிறார். நூற்றெட்டில் 106-தான் பூலோகத்தில் உள்ளவை. திருப்பாற்கடலுக்கும் பரமபதத்துக்கும் இந்த உடம்போடு போக முடியாது. அண்ணா சாலையில் டிரைவர் போகிற வேகத்தைப் பார்த்தால் அவையும் போகிற வழியில் வந்துவிடுமோ என்று மாமியின் அக்காவுக்குப் பயம்.

பைகிராஃப்ட்ஸ் ரோடு தாண்டிச் சந்து முனையில் வண்டி நிற்கிறது. உள்ளே இரண்டு பக்கமும் பைக்குகள், இன்னோவா நுழையாது. மகன் பலாப்பழத்தைச் சுமந்துகொண்டு போகிறான். மாமா செல்போன் வெளிச்சத்தில் மீட்டரைத் தானே படித்து, டிரிப் ஷீட்டில் எழுதக் குளோசிங் கிலோமீட்டரைச் சொல்கிறார். மணி பதினொன்று ஐம்பத்தைந்து.

“ஏன்னா, வீட்டுச் சாவி எங்கே?” என்று மாமி வாசற்படியிலிருந்து குரல் கொடுக்கிறாள். “பால்கோவா வெச்ச பைக்குள்ளேயா? அது இன்னும் டிக்கியிலேன்னா இருக்கு!”

டிரைவர் பேனாவை மூடிவிட்டு டிக்கியைத் திறக்கப் போகிறார். மாமா அவர் தோளைப் பிடித்து நிறுத்துகிறார்.

“சாவி எங்கேயும் ஓடிப்போகாது தம்பி. மொதல்ல டைமை எழுதிக் கையெழுத்தைப் போடுங்கோ.”