ஜாமீனில் வந்த கரியமில வாயு

புழல் என்றால் நமக்கு இரண்டுதான்: ஏரி, ஜெயில். ஏரி 1876-ல் கட்டியது. கைதிகள் 2006-ல்தான் பார்க் டவுனிலிருந்து மூட்டை முடிச்சோடு குடிவந்தார்கள். அதற்கு 35 வருஷம் முன்பே, பக்கத்து மணலியில் ஒரு கேடியைப் பிடித்து உள்ளே தள்ளும் வேலை ஆரம்பமாகிவிட்டது. கேடியின் பெயர் கரியமில வாயு.

மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் கம்பெனியை 1966-ல் மத்திய அரசும் அமெரிக்க அமோகோவும் கூட்டாகத் தொடங்கின. 1971-ல் உற்பத்தி. பக்கத்து சுத்திகரிப்பு ஆலையின் நாப்தாவை உடைத்து ஹைட்ரஜன் எடுத்து அம்மோனியா காய்ச்ச வேண்டியிருந்தது. நடுவில் இந்தக் கேடியும் அழையாமலே வந்து நிற்பான். விட்டால் வினையூக்கியைக் கெடுத்துவிடுவான். கரைசலால் கழுவிப் பிடித்தார்கள். பிடித்தவனை அம்மோனியாவோடு ஒரே அறையில் அடைத்து, சூடும் அழுத்தமும் கொடுத்து ‘முறைப்படி விசாரித்தார்கள்’. இருவரும் யூரியாவாக வாக்குமூலம் கொடுத்தார்கள். ஒரு டன் யூரியாவுக்கு முக்கால் டன்னுக்குச் சற்றே குறைவாகக் கரியமில வாயு உள்ளே. மேலே ‘விஜய்’ முத்திரை. பூமியைக் குளிர்விக்க அல்ல, நெல்லுக்கு உரம் போட.

(யூரியா விவகாரத்தைத் தொடங்கி வைத்தவர் ஜெர்மன்காரர் வோலர். சிறுநீரகமே இல்லாமல் யூரியா செய்துவிட்டேன் என்று 1828-ல் தன் குருநாதர் பெர்சீலியஸுக்குக் கடிதம் எழுதிப் பீற்றிக்கொண்டார். குருவுக்கு எழுதுகிற விஷயமா அது!)

அப்புறம்தான் கூத்து. வயலில் யூரியேஸ் என்ற நொதி ஜாமீன் மனுவோடு காத்திருக்கும். மூட்டை பிரித்துத் தூவிய சில நாளில் ஆள் வெளியே, பழையபடி ஆகாயத்தில் உலா. ஐம்பது வருஷ வழக்கில் ஒரு தண்டனையும் நிலைக்கவில்லை.

தூத்துக்குடிக்காரர்கள் 2016-ல் வேறு ரகமாகப் பிடித்தார்கள். நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்து வருஷத்துக்கு 60,000 டன் பிடித்துச் சலவை சோடா ஆக்கும் திட்டம்; அரசு மானியம் கிடையாது. லண்டன் பத்திரிகைகள் ஆகா ஓகோ என்றன. நல்ல வேலைதான். ஆனால் அந்தச் சோடா கண்ணாடி உலைக்குப் போனால் அங்கேயும் ஜாமீன்.

2022 நவம்பரில் நிதி ஆயோக் ஓர் அறிக்கை விட்டது: ஆலைகள் குவிந்த இடங்களில் பொது மையம் வைத்துப் பிடிக்கலாமாம். எண்ணூர், மணலியைவிடப் புகைபோக்கிகள் நெருக்கியடிக்கும் இடம் எங்கே கிடைக்கும்? தாராளமாக வையுங்கள். ஆனால் திறப்பு விழாவில் யாராவது ‘இந்தியாவிலேயே முதன்முறையாக’ என்று ஆரம்பித்தால், மணலியில் ஓய்வு பெற்ற ஆபரேட்டர் ஒருவரிடம் தயவுசெய்து மைக்கைக் கொடுங்கள். பிடித்ததெல்லாம் சரி, எத்தனை வருஷம் உள்ளே வைப்பீர்கள் என்று அவர் கேட்கட்டும்.