எச் எவ்வளவு சார்?

பூங்காவில் நடக்கிறவர்கள் ஒருவரையொருவர் சுகர் எவ்வளவு என்று விசாரிப்பதுபோல, நம் பேராசிரியர் யாரைக் கண்டாலும் “எச் எவ்வளவு சார்?” என்பார். சுகர் இறங்கினால் சந்தோஷம். இது ஏறினால் சந்தோஷம். கல்லூரி முழுக்க அவருக்கு ‘எச்-இண்டெக்ஸ் சார்’ என்றே பெயர். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது.

எச்-இண்டெக்ஸை 2005-ல் முன்மொழிந்தவர் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். உங்கள் கட்டுரைகளில் 20 கட்டுரைகள், தலா 20 முறையாவது பிறரால் மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் உங்கள் எச் 20. உயிரியல்காரர்களின் எச் இயற்பியல்காரர்களுடையதைவிட எங்கோ உயரத்தில் இருக்கிறது, துறைக்குத் துறை கணக்கு மாறும் என்பதையும் ஹிர்ஷ் அதே கட்டுரையில் எழுதிவைத்தார். சார் அந்தப் பத்திவரை போகவில்லை.

ஆனால் அதன் பலனை மட்டும் தானாகவே கண்டுகொண்டார். தொடக்கத்தில் அவர் வேதியியல்காரர். வேப்பிலைச் சாற்றைச் சில்வர் நைட்ரேட்டில் ஊற்றினார், கரைசல் பழுப்பானது, வெள்ளி நானோ துகள் பிறந்தது, பேப்பர் வந்தது. அடுத்து துளசி. பிறகு நொச்சி, ஆடாதொடை, கற்பூரவல்லி, முருங்கை. இலைதான் மாறும், முன்னுரை மாறாது. அவர் கையில் பிளாஸ்டிக் பையோடு வந்தால் கல்லூரித் தோட்டக்காரர் செடிகளை மறைத்துக்கொண்டு நிற்பார். 2020-ல் கொரோனா வந்ததும் அதே மூலிகைகளின் மூலக்கூறுகளைக் கம்ப்யூட்டரில் வைரஸ் புரதத்தோடு ஒட்டிப் பார்த்தார். இப்போது மெஷின் லேர்னிங்: இலையைப் போட்டோ எடுத்து நோய் கண்டுபிடிக்கிறார். துறைகள் மூன்றைத் தாண்டிவிட்டார். இலையை மட்டும் விடவில்லை.

ஒவ்வொரு புதுப் பேப்பரும் பழைய பேப்பர்களை எல்லாம் மறக்காமல் மேற்கோள் காட்டும். அவரிடம் பிஎச்.டி. செய்பவர்களின் முதல் அத்தியாயம் அவருடைய வாழ்க்கை வரலாறு. வெளியூர்க் கட்டுரை எதுவும் மதிப்பீட்டுக்கு வந்தால், “ஆய்வு நன்று, கீழ்க்கண்ட ஐந்து கட்டுரைகளையும் சேர்த்தால் மேலும் சிறக்கும்” என்று எழுதுவார். அந்த ஐந்தும் யாருடையவை என்று சொல்ல வேண்டியதில்லை.

அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 2016 முதல் வெளிவரும் என்ஐஆர்எஃப் என்ற கல்லூரித் தரவரிசையில் பேப்பருக்கும் மேற்கோளுக்கும் மார்க் உண்டு. நிர்வாகத்துக்கு ரேங்க் வேண்டும். ரேங்குக்கு எண் வேண்டும். எண்ணை சார் தருகிறார். உலகின் முதல் இரண்டு சதவீத விஞ்ஞானிகள் என்று ஸ்டான்ஃபோர்டுகாரர்கள் தொகுக்கும் பட்டியலில் அவர் பெயர் வந்ததும், அட்மிஷன் சமயம் பார்த்து வாசலில் ஃப்ளெக்ஸ் எழுந்தது. அந்தப் பட்டியலில், தன்னைத் தானே மேற்கோள் காட்டியதைக் கழித்தால் எத்தனையாவது இடம் என்று தனியாக ஒரு கட்டமும் இருக்கிறது. ஃப்ளெக்ஸ் கடைக்கு அந்தக் கட்டம் போய்ச் சேரவில்லை.

பக்கத்து அறையில் எண் கோட்பாட்டுக்காரர் ஒருவர். எச் ஐந்து.

“இன்னும் அஞ்சுதானா சார்?”

“ஒரு லெம்மா மூணு வருஷமா படுத்துது சார்.”

“ரெண்டா வெட்டுங்க. ரெண்டு பேப்பர்.”

கணக்குக்காரர் சிரிப்பார். உலகிலேயே மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை எது தெரியுமா என்று ஒருநாள் கேட்டார். 1951-ல் லோரியும் கூட்டாளிகளும் எழுதியது. கரைசலில் புரதம் எவ்வளவு என்று அளக்கும் செய்முறை. மூன்று லட்சம் தடவைக்கு மேல். அது ஒன்றும் மகத்தான கட்டுரை இல்லை என்று லோரியே சொன்னார். சார் அன்றே புரதம் அளக்கப் புது வழி இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தார்.

இன்னொரு நாள் இயற்பியலாளர் பீட்டர் ஹிக்ஸ் பேச்சு வந்தது. 1964-க்குப் பிறகு பத்துப் பேப்பர்கூட எழுதாதவர், 2013-ல் நோபல், இந்தக் காலத்தில் எனக்கு வேலையே கிடைத்திருக்காது என்றவர். “உண்மைதான், நம்ம காலேஜ்ல இன்க்ரிமென்ட் நின்னிருக்கும்” என்று சார் உச்சுக்கொட்டினார்.

கடைசியாகக் கணக்குக்காரர் பூனைக் கதையை எடுத்துவிட்டார். அமெரிக்க இயற்பியலாளர் ஹெதரிங்டன் தனியாக எழுதிய கட்டுரை முழுக்க ‘நாங்கள், நாங்கள்’ என்று டைப் அடித்துவிட்டார். திரும்ப அடிக்கச் சோம்பல்பட்டு, தன் சயாமீஸ் பூனைக்கு எஃப்.டி.சி. வில்லார்ட் என்று பெயர் கொடுத்து இணை ஆசிரியராகப் போட்டார். 1975-ல் ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸில் அச்சாகியும் விட்டது.

சாருக்குச் சிரிப்பு வரவில்லை. முகம் சிவந்துவிட்டது.

“கோ-ஆதர் இடம் காலியாவே இருந்திருக்கு! ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ் சார்! பூனைக்குப் போய்க் குடுத்திருக்கான்!”