மரை கழன்றவன்

என் பிக்கப் டிரக்கை லாரி என்று சொன்னது தப்பாகப் போயிற்று. நாமக்கல்லில் முப்பது வருஷம் லாரியோடு குடித்தனம் நடத்திய மாமனார், கொலம்பஸ் வந்து இறங்கிய மறுநாளே அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "இதுல எத்தன டன்னுங்க ஏத்துவீங்க, மாப்ள?" என்றார். நான் ஏற்றுவது மாதம் ஒரு அரிசி மூட்டை. அதைக் கேட்ட பிறகு அவர் அதை 'வண்டி' என்றுகூடச் சொல்லவில்லை. 'அது' என்பதோடு சரி.

ஒஹையோவில் குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். அதில் பனியும் கரையும், வண்டியின் அடிவயிறும் கரையும். மே மாதம் ஒரு காலையில் வாசல் சிமென்ட்டில் சிவப்பாக ஒரு சொட்டு. சொட்டுக்கும் சாஸ்திரம் உண்டு. கறுப்பு என்றால் எஞ்சின் ஆயில். பச்சை என்றால் கூலன்ட். நிறமே இல்லையென்றால் ஏசி தண்ணீர், கும்பிட்டுவிட்டுப் போய்விடலாம். சிவப்பு என்றால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் ஆயில். கசிந்தது ரேடியேட்டர் பக்கம்.

"கியர்பாக்ஸ் ஆயிலுக்கு ரேடியேட்டர்கிட்ட என்னங்க சோலி?"

விளக்கினேன். ஆட்டோமேட்டிக்கில் அந்த ஆயில்தான் வேலையெல்லாம் செய்கிறது, அதனால் சூடாகிறது. இரண்டு இரும்புக் குழாய்கள் அதை ரேடியேட்டருக்குக் கொண்டுபோய், பக்கத்துத் தொட்டிக்குள் இருக்கும் குட்டிக் கூலரில் ஆற்றித் திரும்பக் கொண்டுவரும்.

"ரெண்டு சம்பந்தி ஊட்டுக்கும் ஒரே சமையக்கட்டா? என்னைக்காச்சும் கலந்துக்குமுங்க."

கலந்தால் ரேடியேட்டரில் ரோஸ்மில்க். கூலன்ட் கியர்பாக்ஸுக்குள் போனால் கிளட்ச் தகடுகளின் ஒட்டு விட்டுப்போய், பெட்டிக்கே பால் ஊற்ற வேண்டியதுதான்.

ஸ்பேனரோடு அடியில் நுழைந்தேன். குழாயை ரேடியேட்டரோடு பிடித்திருந்த துருவேறிய நட்டு அசையவில்லை. இரண்டு காலையும் உதைத்துத் தொங்கினேன். திரும்பியது! வெற்றிக் கூச்சல் போட்டு முடித்தபிறகுதான் பார்த்தேன், திரும்பியது நட்டு மட்டுமல்ல. ரேடியேட்டரின் பித்தளை ஃபிட்டிங்கும் லேசாகக் கூடவே திரும்பியிருந்தது. குழாய் முறுக்கு பிழிந்தாற்போல் முறுக்கிக்கொண்டிருந்தது. நட்டின் ஆறு மூலையும் மழுங்கி லட்டாகியிருந்தது. கடைசியில் அது கழன்றபோது ஃபிட்டிங்கின் மரையில் பாதியைக் கையோடு கொண்டுவந்துவிட்டது.

மாமா பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தபடியே கேட்டார். "ஒத்த ஸ்பேனர்லயா கழட்டுனீங்க?"

"ஆமாங்க மாமா."

"பட்டறையில கிளீனர் பையனுக்கு மொத நாள் சொல்றதுங்க. ஒன்னுல புடி, ஒன்னுல திருப்பு."

நான் இரண்டு பொறியியல் பட்டம் வாங்கியிருக்கிறேன். இரண்டிலும் யாரும் இதைச் சொல்லவில்லை.

ஃபிட்டிங்கை ஆட்டிப் பார்த்தார். தொட்டியோடு கெட்டியாகத்தான் இருந்தது. "டேப்பு போட்டாச் செரியாயிரும்" என்றார். ஓடிப்போய் வெள்ளை டெஃப்லான் டேப்பைக் கொண்டுவந்து நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே தன் மகள் இருக்கும் திசையைப் பார்த்தார். "இது குழாய்க்குச் சுத்தறதுங்க. நாஞ் சொன்னது மரை போடற டேப்பு."

இந்த ஜாயின்டில் கசிவைத் தடுப்பது மரை அல்ல. விரித்த குழாய் வாய் உள்ளே உட்காரும் இடம்தான் அடைக்கிறது, மரை அதை அழுத்திப் பிடிக்கிறது, அவ்வளவே. அங்கே டெஃப்லானைச் சுற்றினால் பிரயோஜனமில்லை, பிய்ந்த துணுக்கு ஆயிலோடு போய் வால்வில் சிக்கும்.

கடைக்குப் போனோம். 5/8 அங்குலத்தில், அங்குலத்துக்கு 18 புரி உள்ள டேப், நட்டின் ஆறு பக்கத்தில் ஐந்தைக் கவ்வும் ஸ்பேனர், ஒரு நட்டு, புதுக் குழாய், வழியில் மாமாவுக்கு ஒரு கட்டு வெற்றிலை. குழாய் வாயை விரிக்கும் கருவியை மட்டும் கடையில் முன்பணம் வாங்கிக்கொண்டு கடனாகக் கொடுத்தார்கள்.

"சாமானக் கடன் குடுத்தாத் திரும்பி வருமுங்களா?"

"வருமுங்க மாமா."

"நல்ல ஊரு."

டேப்பின் பள்ளங்களில் கிரீஸை அப்பினார். பித்தளைத் தூள் உள்ளே விழாமல் அதில் ஒட்டிக்கொள்ளுமாம். அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே, அடியில் இடிக்குமுன் நிறுத்தினார். தாய்ப்பாலூட்டும் பொறுமை. குழாய் வாயை இரட்டை மடிப்பாக விரிக்கும் வேலை எனக்கு. மணி போல அழகாக விரித்தேன். மாமா மேஜையைக் காட்டினார். குழாயில் முதலில் கோத்திருக்க வேண்டிய நட்டு அங்கே கிடந்தது.

வெட்டினோம். மறுபடி விரித்தோம். முதல் நாலு சுற்று விரலால், பிறகு இரண்டு ஸ்பேனர். ஆயில் ஊற்றி முடிக்க இருட்டிவிட்டது. மாமா படுத்தபின், கசிகிறதா என்று பார்க்க அடியில் ஒரு வெள்ளை அட்டையைப் போட்டுவைத்தேன்.

விடிந்ததும் ஓடினேன். அட்டை ஓரத்தில் உள்ளங்கையகலச் சிவப்பு.

வயிறு கலங்கியது. மல்லாந்து படுத்து நட்டைத் துடைத்தேன், குழாயைத் துடைத்தேன், ஃபிட்டிங்கைத் துடைத்தேன். எல்லாம் சருகாகக் காய்ந்திருந்தன. அரை மணி நேரம் கழித்து மாமாவின் கால்கள் பக்கத்தில் வந்து நின்றன.

"என்னங்க மாப்ள தேடறீங்க?"

"சிவப்பா ஒழுகியிருக்குங்க மாமா."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அட்டை போட்டிருந்தீங்களேன்னு, எனக்குத்தான்னு நெனச்சுட்டனுங்க."