டைகர் யாருங்க?

சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தொடங்கியது. ஆக, வாயில்லா ஜீவனுக்கு வைத்தியம் பார்க்க நூறு வருஷத்துக்கு மேலாகப் படித்துக்கொண்டிருக்கிறோம். அதைத் தூக்கிக்கொண்டு வருகிற, வாயுள்ள ஜீவனிடம் எப்படிப் பேசுவதென்பதுதான் ஊருக்கு இன்னும் பிடிபடவில்லை.

எந்த விலங்கு மருத்துவமனையிலும் பாருங்கள். "டைகர் யாருங்க?" என்று சீட்டைப் பார்த்துக் கூப்பிடுவார்கள். பழைய துண்டில் சுற்றிய, பார்வோ வைரஸ் நோய் கண்ட நாய்க்குட்டியோடு ஒரு மீசைக்காரர் எழுந்திருப்பார். ராத்திரி முழுக்க வாந்தியும் ரத்தபேதியும் துடைத்த கை. அந்த நேரம் பார்த்துச் சித்தப்பா போன் செய்வார்: "நாய்தானேப்பா, போனா இன்னொண்ணு வாங்கிக்கலாம்!" இதே சித்தப்பாவின் ஸ்கூட்டரில் ஒரு கீறல் விழுந்தபோது வீட்டில் ரெண்டு நாள் அடுப்பெரியவில்லை.

"தடுப்பூசி போடலையா?" என்று கேட்பதற்கென்றே அடுத்த நாற்காலியில் ஒருவர் இருப்பார். கேள்வி நியாயந்தான். டிரிப்ஸ் ஏறும்போது கேட்டால் மட்டும் பார்வோ வெட்கப்பட்டுப் போய்விடுமா?

பூனைக்காரர் பாடு இன்னும் மோசம். "காய்ச்சல்தானே, பாதி பாராசிட்டமால் கொடு" என்ற பக்கத்து வீட்டு மாமி (பூனைக்கு அது விஷம்), இப்போது நலம் விசாரிக்க வந்து, "பூனை வளர்த்தாலே குடும்பத்துக்கு ஆகாதுன்னு அப்பவே சொன்னேனே" என்கிறார்.

ஆபீஸில் "நாய்க்கு உடம்பு சரியில்லை" என்று லீவு கேட்டால் சிரிப்பார்கள். அதனால் விவரமானவர்கள் பாட்டியைச் சாகடித்துவிடுகிறார்கள். மேனேஜர் உடனே உருகி, "அடடா, எப்ப எடுக்கறீங்க?" என்பார்.