பால்கனிப் புள்ளியல்

'சிட்டுக்கு இடுக, புறாவுக்கு மறுக்க' என்பது சூத்திரம்.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், சென்னை அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் மூன்றாம் மாடிப் பால்கனியில் தீனி வைக்கும் முறைமை உணர்த்துதல் நுதலிற்று. 'இடுக' என்றதனான் இடுவோன் ஒருவன் உளன் என்பதும், 'மறுக்க' என்றதனான் அழையாமலே வருவது ஒன்று உண்டென்பதும் பெறப்படும். காக்கையும் அணிலும் இங்கே விலக்கப்பட்டன. அவற்றைப் பற்றி எழுதப் புகுந்தால் ஆயுள் போதாது.

முதலில் இலக்கணச் சான்று. நம்பியகப்பொருள், பாலைத் திணைக்குரிய பறவைகளாகப் பருந்து, எருவை, கழுகு ஆகியவற்றோடு புறாவையும் சேர்த்து வைத்திருக்கிறது. ஆகவே புறா குடியேறிய பால்கனி பாலை நிலம் என்பது தானே முடிந்தது. தொட்டித் துளசி கருகியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. குருவிக்கோ குறுந்தொகைக் காலத்திலேயே பட்டா கொடுத்தாயிற்று. முற்றத்தில் காயும் தானியத்தைத் தின்று, எருப் புழுதியில் ஆடி, இறவாரத்தில் குஞ்சோடு தூங்கும் குருவியை மாமிலாடன் என்ற புலவர் அதில் பாடியிருக்கிறார். இன்று முற்றமும் இல்லை, இறவாரமும் இல்லை. பட்டா மட்டும் இருக்கிறது. புறாவின் கதை வேறு. அதன் மூதாதைகள் பாறை இடுக்கில் வாழ்ந்தவை. 12 மாடிக் கட்டடத்தைப் பாறை என்றும், ஏ.சி. அவுட்டோர் யூனிட்டின் பின்புறத்தைக் குகை என்றும் அது கொள்கிறது. நமக்கு ஆக்கிரமிப்பு, அதற்குப் பூர்வீகம்.

இனி விரட்டல் பற்றிய முன்னோர் கொள்கைகள். பழைய சி.டி.யைக் கட்டித் தொங்கவிடுக என்பர் ஒரு சாரார். பிளாஸ்டிக் ஆந்தை வைக்க என்பர் மற்றொரு சாரார். அந்த ஆந்தையின் தலைமேலேயே புறா உட்கார்ந்திருப்பது கண்கூடு. முள் பட்டை ஒட்டுவதோ கூட்டுக்குப் பிடிமானம் அமைத்துக் கொடுப்பது. இம்மூன்றையும் பி.எஃப். ஸ்கின்னர் 1948இல் வெளியிட்ட ஆய்வின் துணையோடு மறுக்கலாம். பசித்த புறாக்களுக்கு, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும், குறித்த இடைவெளியில் தீனி விழச் செய்தார் அவர். ஒன்று வட்டமடிக்கத் தொடங்கிற்று, ஒன்று தலையை ஆட்டத் தொடங்கிற்று. தான் ஆடுவதால்தான் தீனி வருகிறது என்று நம்பியது போல. சி.டி. கட்டுவோர் நிலையும் அதுவே. புறா தன் வேலையாகப் பறந்துபோன நேரத்தில், கட்டினேன், போயிற்று என்பர்.

யாம் கூறுவது: பகையை அதன் காலில் காண்க. சிட்டு ஏறத்தாழ 25 கிராம். மாடப்புறா ஏறத்தாழ 300. சிட்டு ஒரு காம்பைப் பற்றித் தலைகீழாகத் தொங்கியபடி சாப்பிடும். புறாவுக்குக் கால் ஊன்றத் தரை வேண்டும். ஆகவே தட்டை எடுத்துவிட்டு நெற்கதிரைத் தொங்கவிடுக. அறுவடையானதும் கதிரைக் குஞ்சமாகப் பின்னி வாசலில் கட்டும் நம் ஊர்ப்பக்கத்து வழக்கத்தில் இவ்வளவு இயற்பியல் அடங்கியிருக்கிறது.

நெல்லே ஏன், கம்பும் தினையும் ஆகாதோ எனின், ஆகா. கொத்தும்போதே பாதி சிதறும், சிதறியது கீழே காத்திருப்பதற்குப் போய்ச் சேரும். நெல்லில் நடப்பதைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். சிட்டு ஒரு மணியை இணுங்கி, அலகோரத்தில் வைத்து உருட்டி, உமியை உதறிவிட்டு அரிசியை மட்டும் விழுங்கும். கீழே உதிர்வதில் பெரும்பகுதி உமி. புறாவோ மணியை உரிக்காமல் முழுதாக விழுங்கும் சாதி. உமியை ஒருமுறை கொத்தும், கழுத்தைச் சாய்த்து மேலே பார்க்கும், மறுபடி கொத்தும். அந்த முகத்தைக் காண்பதும் இவ்வாய்வின் பயன்களுள் ஒன்று.

இதனால் புறா குறையுமோ எனின், குறையாது. சிட்டு குஞ்சு வளர்க்கப் புழு பூச்சி தேட வேண்டும். புறாவுக்குத் தொண்டைப்பையிலேயே பால் சுரக்கிறது, ஆணுக்கும் சுரக்கிறது. புழுவுக்குக் காத்திராமல் ஆண்டு முழுதும் குஞ்சு பொரிக்கும். அன்றியும், நான்காம் மாடி அம்மாள் தினமும் காலையில் ஜன்னல் சன்ஷேடில் ஒரு படி அரிசி போடுகிறார். ஜோசியர் சொன்னதாம். கதிர்க் கொத்தைக் காட்டி விளக்கியபோது பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னது:

"நீங்க விரட்டுங்க சார், நான் வேண்டாம்னு சொல்லலையே. அந்தப் பாவத்துக்கும் சேர்த்துத்தான் நான் போடறேன்."

இக்கூற்றுக்கு மறுப்புரை அசோசியேஷன் கூட்டத்திலும் எழவில்லை.