பாயிண்டுக்கு வாருங்கள்

1978 மாடல் அம்பாசிடர். பிளக் நாலும் புதுசு, காயில் புதுசு, பேட்டரியும் புதுசு. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது. ஸ்பார்க் மட்டும் இல்லை. இன்னும் எதை மாற்றுவது?

எல்லாம் சொன்னீர்கள், பாயிண்டை விட்டுவிட்டீர்களே! டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, சி.பி. பாயிண்டின் இரு முனைகளையும் பாருங்கள். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் அவற்றின்மேல் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் படிந்திருக்கும். கண்ணுக்குத் தொட்டுக்கொண்டிருப்பது போலத் தெரியும், கரண்டுக்குத் தொடாது. நைஸ் உப்புத்தாளால் இரண்டு இழுப்பு, சுத்தமான அட்டையால் ஒரு துடைப்பு. திறக்கும்போது இடைவெளி சுமார் 0.4 மி.மீ. இருக்கட்டும்.

அதற்கும் மசியவில்லை என்றால்?

ஒரு 12 வோல்ட் பல்பிடம் கேளுங்கள். காயிலில் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனைக்கும் எஞ்சின் பாடிக்கும் நடுவில் அதை வைத்து, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். மினுக் மினுக்கென்றால் பாயிண்ட் வேலை செய்கிறது. நடு ஒயர், ரோட்டார், மூடி பக்கம் போங்கள். அணையாமல் எரிந்தால் பாயிண்ட் தொடவில்லை. எரியவே இல்லையா? காயிலுக்குக் கரண்ட் வரவில்லை, பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது கண்டென்சர் எர்த் ஆகிவிட்டது.

விரலளவு கண்டென்சர் இவ்வளவு பெரிய வண்டியை நிறுத்துமா?

கொசு உங்களைத் தூங்கவிடுகிறதா? எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று ஓடினால் பாயிண்ட் 4,000 முறை திறக்கிறது. ஒவ்வொரு முறையும் அது தீயாமல் காப்பது அந்தச் சின்ன டப்பாதான். ஒன்று முக்கியம்: சாவியை ஆனிலேயே விட்டுவிட்டுத் தேடாதீர்கள். பாயிண்ட் மூடியிருந்தால் புதுக் காயிலும் சூடேறிப் போய்விடும்.